வாங்கியதைத் தீர்க்கும் சமையல்

வீட்டுச் சாப்பாட்டுச் செலவைக் குறைப்பது பற்றி யார் பேசத் தொடங்கினாலும் பேச்சு முதலில் விலைக்குத்தான் போகிறது. எந்தக் கடையில் மலிவு, எந்த நாளில் தள்ளுபடி, எந்தச் செயலியில் சலுகை என்று. அதுவும் தேவைதான். ஆனால் எங்கள் வீட்டுச் செலவை எழுதி வைத்துப் பார்க்கத் தொடங்கிய பிறகு என் கவனம் வேறு இரண்டு இடங்களுக்குப் போய்விட்டது. ஒன்று, வாங்கி வந்து சாப்பிடாமலே குப்பைக்குப் போவது. இன்னொன்று, வேலை முடிந்து களைத்து வரும் மாலையில், பொருள் எல்லாம் இருந்தும் என்ன சமைப்பது என்று புரியாமல் வெளியிலிருந்து வரவழைக்கும் சாப்பாடு. கடையில் தேடித் தேடி மிச்சம் பிடித்ததையெல்லாம் இவை இரண்டும் சத்தமில்லாமல் தின்றுவிடும்.

உணவு வீணாவது ஏதோ சில வீடுகளின் பழக்கம் இல்லை. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் கடைகளிலும் உணவகங்களிலும் வீடுகளிலுமாகச் சுமார் 105 கோடி டன் உணவு வீணாகியிருக்கிறது. அதில் 60 சதவீதம் வீடுகளில். வீடுகளில் மட்டும் சராசரியாக ஆளுக்கு ஆண்டுக்கு 79 கிலோ. தோல், எலும்பு போன்ற சாப்பிட முடியாத பகுதியும் இந்தக் கணக்கில் சேர்த்தி. அதைக் கழித்துப் பார்த்தாலும் மீதி சின்னத் தொகை இல்லை.

எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டினோம். எதைக் கொட்டினாலும் கொட்டியவர் அதில் எழுத வேண்டும்: என்ன பொருள், ஏன். அளவையோ விலையையோ நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. ‘ஏன்’ என்ற அந்தப் பத்திதான் உண்மையில் பயன்பட்டது. ‘பின்னால் இருந்தது, கண்ணில் படவில்லை.’ ‘பாதிக் கட்டு போதுமாக இருந்தது.’ ‘ஏற்கெனவே இருப்பது தெரியாமல் இன்னொன்று வாங்கினோம்.’ ‘அன்றைக்கு வெளியே சாப்பிட்டோம்.’ சுற்றிச் சுற்றி இந்த நாலைந்து காரணங்கள்தான் வந்தன. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. கண்ணில் படவில்லை என்றால் இடத்தை மாற்ற வேண்டும். பாதிக் கட்டு மிஞ்சுகிறது என்றால் அந்தக் கட்டுக்கு இரண்டு நாள் வேலை கொடுக்க வேண்டும். ‘இனிமேல் வீணாக்கக் கூடாது’ என்று பொதுவாகச் சபதம் போட்டால் எதுவும் மாறாது. எது, ஏன் என்று தெரிந்தால் மாற்றுவது சுலபம்.

இடத்துக்கு நாங்கள் செய்தது ரொம்பச் சின்ன வேலை. ஃபிரிட்ஜைத் திறந்ததும் கண்ணுக்கு நேராக இருக்கும் தட்டில் ஒரு திறந்த டப்பா. சீக்கிரம் தீர வேண்டியதெல்லாம் அதற்குள் போகும்: பாதி நறுக்கிய வெங்காயம், மிஞ்சிய தேங்காய்த் துருவல், தளர ஆரம்பித்த தக்காளி, நேற்றைய பொரியல். சமைக்க நிற்பவர் முதலில் அந்த டப்பாவைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும். புதிதாக வாங்கி வந்ததைப் பின்னாலும் பழையதை முன்னாலும் வைப்பது கடைக்காரர்கள் எப்போதும் செய்வது. வீட்டு அலமாரிக்கும் அதே முறைதான்.

அடுத்தது திட்டம். வாரம் முழுவதற்கும் மூன்று வேளைக்கும் பட்டியல் போடும் அட்டவணைகளை எனக்குப் பிடிக்காது. ஒரு நாள் தவறினால் மொத்தமும் குலைந்துபோகும், மனதும் சோர்ந்துபோகும். நாங்கள் முடிவு செய்வது நான்கைந்து மாலைச் சமையலை மட்டும். மீதி நாட்கள் மிஞ்சியதைத் தீர்க்கவும், திடீரென்று வரும் விருந்தாளிக்கும், எதுவும் பிடிக்காத நாளுக்கும். எந்த நாளில் எது என்பதைக் காய்களின் ஆயுள்தான் முடிவு செய்கிறது. வாங்கி வந்த அன்றும் மறுநாளும் கீரை, கொத்தமல்லி, காளான். அடுத்து பீன்ஸ், வெண்டை, தக்காளி, கத்தரி. அதற்கும் பிறகு முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட். வாரக் கடைசியில் உருளை, பூசணி, பருப்பு, பயறு, முட்டை. இந்த வரிசை ஒன்றைப் பிடித்துக்கொண்டாலே அழுகிக் கொட்டுவது பெரும்பாலும் நின்றுவிடும். பொறுமையான காய்கள் காத்திருக்கும், கீரை காத்திருக்காது.

கடைக்குப் போகும் முன் பார்ப்பது, யோசிப்பது, எழுதுவது என்ற இந்த வரிசையும் முக்கியம். முதலில் வீட்டில் இருப்பதைப் பார்க்க வேண்டும். அதை வைத்து என்ன சமைக்கலாம் என்று யோசிக்க வேண்டும். அதற்கு எது குறைகிறதோ அதை மட்டும் எழுத வேண்டும். நேராகப் பட்டியலில் இருந்து தொடங்கினால் கை வழக்கமான பொருள்களையே எழுதிவிடும்.

பட்டியல் ஏன் இவ்வளவு உதவுகிறது என்பதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. ஒரு காலத்தில் மளிகைக் கடை என்றால் சீட்டை நீட்டுவது, கடைக்காரர் எடுத்துக் கட்டித் தருவது என்றுதான் இருந்தது. வாடிக்கையாளரே உள்ளே நடந்து தானே எடுத்துக்கொள்ளும் கடையை 1916இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் ‘பிக்லி விக்லி’ என்ற பெயரில் தொடங்கினார். 1937இல் ஓக்லஹோமா நகரில் சில்வன் கோல்ட்மன் தன் கடைகளில் தள்ளுவண்டியை அறிமுகப்படுத்தினார். கூடையின் கனம் கையை இழுக்காததால் வாங்குவதும் கூடியது. சீட்டு நீட்டிய காலத்தில் எழுதியது மட்டும்தான் வீட்டுக்கு வந்தது. இப்போது வழியில் பார்ப்பதெல்லாம் வருகிறது. அதனால்தான் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, தேவையான வரிசைகளுக்கு மட்டும் போய்விட்டு வெளியேறுவதை நாங்கள் வழக்கமாக்கிக்கொண்டோம். வீட்டுக்கே கொண்டுவந்து தரும் சேவையிலும் இதே முறைதான். தேடல் பெட்டியில் பட்டியலில் உள்ள பெயரை மட்டும் தட்டி, முடிந்ததும் செயலியை மூடிவிடலாம். குறைந்தபட்சத் தொகையைத் தொட வேண்டுமே என்று எதையாவது சேர்ப்பதைவிட, அந்த வாரம் ஆர்டரைத் தள்ளிப்போடுவது நல்லது.

விலையைப் பார்க்கும்போது பாக்கெட்டின் விலையை விட்டுவிட்டு ஒரு கிலோவுக்கு, அல்லது 100 கிராமுக்கு என்ன விலை என்று பார்க்கப் பழகினேன். பல கடைகள் விலைச்சீட்டிலேயே சிறிய எழுத்தில் அதைப் போடுகின்றன. இல்லாவிட்டால் கைப்பேசியில் ஒரு வகுத்தல்தான். பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்பது உண்மையல்ல என்று அப்போது தெரியும். விலை மாறாமல் உள்ளே எடை மட்டும் குறைந்திருப்பதும் இந்தக் கணக்கில்தான் பிடிபடும்.

மலிவாகவே இருந்தாலும் எதை மொத்தமாக வாங்கலாம் என்பது தனிக் கேள்வி. உப்பு, சர்க்கரை, வெள்ளை அரிசி, காய்ந்த பருப்பு இவற்றை ஈரமும் பூச்சியும் அண்டாமல் மூடி வைக்க முடியும் என்றால் தாராளமாக வாங்கலாம். தவிடு நீக்காத அரிசியும் முழுக் கோதுமை மாவும் அப்படி இல்லை. அவற்றில் இயற்கையாகவே இருக்கும் எண்ணெய்ச் சத்து நாளடைவில் சிக்குப் பிடித்து வாடை அடிக்கும். சமையல் எண்ணெய்க்கும் பாதாம், வேர்க்கடலை போன்றவற்றுக்கும் இதே கதி. வெளிச்சமும் சூடும் காற்றும் அதை விரைவுபடுத்தும். மசாலாப் பொடியைவிட முழு மசாலா கூடுதல் நாள் மணத்தோடு இருக்கும் என்பதால், முழுசாக வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக அரைப்பது எங்களுக்கு ஒத்துவருகிறது. ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்று எதையாவது பார்த்தால், இது கெடுவதற்குள் எங்கள் வீட்டில் தீருமா என்று மட்டும் கேட்டுக்கொள்வேன். தீராது என்றால் அந்த இலவசம் எனக்குக் கிடைத்ததாக ஆகாது.

இன்னொரு கணக்கும் உண்டு. வேகவைத்து டப்பாவில் அடைத்து விற்கும் பயறு 400 கிராம் என்று போட்டிருக்கும். தண்ணீரை வடித்தால் சுமார் 240 கிராம்தான் வரும். காய்ந்த பயறு 100 கிராம் ஊறி வெந்தால் ஏறக்குறைய அதே எடைக்கு வந்துவிடும். ஆக ஒரு டப்பாவின் விலையை 100 கிராம் காய்ந்த பயறின் விலையோடு ஒப்பிட வேண்டும். நறுக்கி விற்கும் காய்களுக்கு இதைத் திருப்பிப் போட வேண்டும். தோலும் காம்பும் போன பிறகு கையில் எவ்வளவு மிஞ்சும் என்று பார்த்தால் நறுக்கியது நினைத்த அளவுக்கு விலை கூடியதாக இராது. ஆனால் வெட்டுப்பட்ட காய் சீக்கிரம் கெடும். அன்றைக்கே சமைப்பதாக இருந்தால் மட்டும் வாங்குவேன். உறைய வைத்த பட்டாணியை நான் தயங்காமல் வாங்குகிறேன். பறித்த சில மணி நேரத்தில் கொதிநீரில் காட்டி உறைய வைப்பதால் சத்து பெரிதாகக் குறைவதில்லை, வேண்டிய கைப்பிடியை மட்டும் எடுக்கலாம், உரிக்கும் நேரமும் மிச்சம்.

வீட்டுக்கு வந்த பொருளை எங்கே வைப்பது என்பதில் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டது நிறையக் காப்பாற்றியது. வாழைப்பழம், ஆப்பிள், தக்காளி போன்றவை பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை வெளியிடும். பக்கத்தில் கீரையோ வெள்ளரியோ இருந்தால் அவை சீக்கிரம் மஞ்சளாகும். அதனால் பழங்களுக்குத் தனி இடம். வெங்காயமும் உருளையும் ஒரே கூடையில் இருந்தால் ஒன்றை ஒன்று கெடுக்கும். இரண்டுக்கும் காற்று வேண்டும், உருளைக்கு இருட்டும் வேண்டும், இல்லாவிட்டால் பச்சை பாயும். அப்படிப் பச்சையானதில் சோலனைன் என்ற நச்சு சேர்ந்திருக்கும், அதைச் சமைக்கக் கூடாது. கீரைக்கு எதிரி மேலே தங்கும் ஈரம். கழுவாமல், பழுத்த இலைகளை எடுத்துவிட்டு, காய்ந்த துணியிலோ காகிதத்திலோ சுற்றி வைத்தால் நாலைந்து நாள் தாங்கும். ஃபிரிட்ஜ் கதவு அடிக்கடி திறப்பதால் அங்கே குளிர் நிலையாக இருக்காது, பாலை உள்ளே வையுங்கள்.

பாக்கெட்டில் உள்ள தேதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘இந்தத் தேதிக்கு முன் சிறந்தது’ என்பது சுவையையும் தரத்தையும் குறிப்பது. ‘இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்’ என்பது பாதுகாப்பைக் குறிப்பது. முதல் வகைத் தேதி தாண்டிய பருப்பையும் பிஸ்கட்டையும் பார்த்து, முகர்ந்து, நன்றாக இருந்தால் சாப்பிடலாம். இரண்டாம் வகையில் மூக்கை நம்பக் கூடாது, தாண்டிவிட்டால் கொட்டிவிட வேண்டியதுதான்.

சரி, அடுப்புக்கு வருவோம். சமையலில் நேரம் எங்கே போகிறது என்று கவனித்தால், அடுப்பில் வேகும் நேரத்தைவிட அதற்கு முந்தைய வேலைதான் அதிகம். எடுப்பது, கழுவுவது, உரிப்பது, நறுக்குவது, பிறகு பாத்திரம் தேய்ப்பது. இரண்டு பங்கு செய்தால் இந்த வேலை இரண்டு பங்காக ஆவதில்லை. இதுதான் மொத்தமாகச் சமைப்பதன் மொத்த நியாயமும். ஆனால் முழு உணவையும் வாரத்துக்குச் சமைத்து வைப்பதை எங்கள் வீடு ஏற்கவில்லை. அடுத்தடுத்த நாள் அதே ருசி என்றால் தட்டில் மிஞ்சும். நாங்கள் வைத்துக்கொள்வது பாதிச் சமையல். வேகவைத்த பயறு, வதக்கி எடுத்த வெங்காயம் தக்காளி விழுது, அரைத்த இஞ்சி பூண்டு, உரித்த பட்டாணி. பல ஊர்ச் சமையல்களில் நிறைய உணவுகள் வெங்காயத்தை எண்ணெயில் வதக்குவதில்தான் தொடங்குகின்றன. அந்த வேலை முடிந்திருந்தால் அதே விழுதோடு ஒரு நாள் பயறு, ஒரு நாள் முட்டை, ஒரு நாள் காய் என்று போகலாம், ருசியும் மாறிக்கொண்டே இருக்கும்.

உறைய வைக்கும்போது பைகளில் ஊற்றித் தட்டையாகப் படுக்கவைத்து உறைய வையுங்கள். தடித்த கட்டி உருக மணிக்கணக்கில் ஆகும். விரல் கனத்துக்குத் தட்டையாக இருப்பது அப்படியே சட்டியில் போட்டாலே இளகிவிடும், வேண்டிய அளவு உடைத்தும் எடுக்கலாம். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும், அதனால் டப்பாவை விளிம்பு வரை நிரப்பக் கூடாது. பெயரும் தேதியும் எழுதாமல் எதையும் உள்ளே விடாதீர்கள். உறைந்த பிறகு எல்லாம் ஒரே நிறம்.

பயறு வேகவில்லை என்று எரிவாயுவை வீணாக்குவதற்குப் பின்னால் பெரும்பாலும் நாலு காரணங்கள்தான். பயறு ரொம்பப் பழசு, தண்ணீரில் சுண்ணாம்பு போன்ற உப்புகள் அதிகம், போதுமான நேரம் ஊறவில்லை, அல்லது வேகும் முன்பே புளிப்பு சேர்ந்துவிட்டது. தக்காளி, எலுமிச்சை போன்ற புளிப்பு பயறின் செல்சுவர் இளகுவதைத் தடுக்கும். வெந்து மசியும் பதம் வந்த பிறகே சேர்க்க வேண்டும். முதல் நாள் இரவே ஊறப்போட மறந்தால், நிறையத் தண்ணீரில் இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து ஒரு மணி நேரம் மூடி வைத்தால் போதும். தோல் நீக்கி உடைத்த பருப்புக்கு ஊறவே தேவையில்லை.

ராஜ்மாவில் மட்டும் ஒரு எச்சரிக்கை. அதில் உள்ள ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்ற பொருள் சரியாக வேகாவிட்டால் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் முதலில் அரை மணி நேரமாவது நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். மெதுவாகச் சூடேறும் மின் பாத்திரத்தில் ஊறிய ராஜ்மாவை நேராகப் போடக் கூடாது, அந்த வெப்பம் போதாது.

எரிபொருளைப் பற்றிச் சொன்னால், தண்ணீர் ஒரு தடவை கொதித்துவிட்டால் தீயை எவ்வளவு கூட்டினாலும் அதன் வெப்பம் சுமார் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. கூடுதல் தீ ஆவியாகத்தான் போகும். ஆகவே கொதி வந்ததும் சிம்மில் வைத்து மூடிவிட வேண்டும். குக்கரில் அழுத்தம் கூடுவதால் உள்ளே 120 டிகிரி வரை போகும், அதனால்தான் அங்கே நேரம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகிறது. அதிலும் அழுத்தம் ஏறிய பிறகு பெரிய தீ வீண்.

மொத்தமாகச் சமைக்கிறவர்கள் பாதுகாப்பைக் கற்றுக்கொண்டே ஆக வேண்டும். இதில் எந்தச் சமரசமும் எனக்கு உடன்பாடில்லை. 5 முதல் 60 டிகிரிக்கு இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள், வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்துக்குள், அகலமான ஆழமில்லாத பாத்திரத்தில் பரப்பி ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். பெரிய பாத்திரத்தோடு உள்ளே வைத்தால் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். சோற்றில் கூடுதல் கவனம் வேண்டும். பேசிலஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசி வெந்தாலும் சாவதில்லை. வெளியே கிடக்கும் சோற்றில் அவை முளைத்து நச்சை உண்டாக்கும். அந்த நச்சு திரும்பச் சூடுபடுத்தினாலும் போகாது. அதனால் சோறு சீக்கிரம் குளிருக்குப் போக வேண்டும், அடுத்த நாளுக்குள் தீர வேண்டும். மற்ற சமைத்த உணவுகளுக்கு மூன்று நாலு நாள். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஃப்ரீசர்.

இனி அந்தக் களைத்த மாலை. அந்த நேரத்தில் உடலில் தெம்பு இல்லாததோடு, முடிவெடுக்கும் தெம்பும் இருப்பதில்லை. ‘இன்றைக்கு என்ன?’ என்ற கேள்விக்கே பத்து நிமிடம் போய்விடும், அதற்குள் கை கைப்பேசியைத் தேடும். எங்கள் தீர்வு, இருபது நிமிடத்துக்குள் முடியும் மூன்று உணவுகளை முன்கூட்டியே முடிவு செய்து, அவற்றுக்கான பொருள் எப்போதும் வீட்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது. முட்டையோடு ஒன்று, ஃப்ரீசரில் உள்ள பயறோடு ஒன்று, சோற்றையோ நூடுல்ஸையோ வைத்து ஒன்று. செய்முறை எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பொருள்களில் ஒன்று தீர்ந்தால் பட்டியலின் முதல் வரியில் அதுதான் ஏறும். வெளிச் சாப்பாட்டை நாங்கள் விட்டுவிடவில்லை. ஆசைப்பட்டுத் திட்டமிட்டுப் போகிறோம், வேறு வழி தெரியாமல் வரவழைப்பதுதான் குறைந்தது.

இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. பெரும்பாலான வீடுகளில் சமைப்பதைப் பலர் பகிர்ந்துகொள்கிறார்கள், ஆனால் என்ன இருக்கிறது, என்ன தீர்ந்தது, நாளைக்கு என்ன என்ற நினைப்பை ஒரே ஒருவர்தான் சுமக்கிறார். ‘சொன்னால் வாங்கி வருகிறேன்’ என்பது உதவி போலத் தெரியும், ஆனால் சொல்ல வேண்டிய வேலை அவரிடமே நிற்கிறது. கடைசிப் பாக்கெட்டைப் பிரிப்பவரே பட்டியலில் எழுத வேண்டும் என்ற விதி எங்கள் வீட்டில் இதைக் கொஞ்சம் மாற்றியது. பட்டியல் எல்லார் கைப்பேசியிலும் இருக்கிறது. வாரத்தில் ஒரு மாலை பிள்ளைகள் முறை. சமைப்பதோடு என்ன சமைப்பது என்று தீர்மானிப்பதும், அதற்கு எது இருக்கிறது என்று பார்ப்பதும் அவர்கள் வேலை. அன்றைக்கு நாங்கள் சமையலறைக்குள் நுழைவதில்லை.

செய்யாமல் விட்ட சிலவும் உண்டு. சிறு தள்ளுபடிக்காக ஒவ்வொரு கடையாக ஏறி இறங்குவதில்லை, போக்குவரத்துச் செலவும் அரை நாளும் சேர்த்தால் அது மிச்சமில்லை. எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்ய வேண்டும் என்று நினைப்பதும் இல்லை. ரொட்டி, தயிர், ஊறுகாய், மசாலா என ஒவ்வொன்றையும் விலையோடும் நேரத்தோடும் பார்த்தோம். தயிரில் வேலை குறைவு, மிச்சம் அதிகம், அதனால் அது வீட்டில். ரொட்டி கடையில்தான்.